பட்டு வரியும் நெசவாளர் பட்டினியும்

வருஷந்தோறும் மத்திய சர்க்காரின் நிதி மந்திரி டில்லியில் வரவு செலவுத் திட்டம் வாசிக்கும் காலத்தில், ஆரணியில் நூல் கடைகளிலும் தறிக்கூடங்களிலும் ஒரே பேச்சாகத்தான் இருக்கும். சீனப் பட்டுக்கு வரி ஏறிற்றா, இறங்கிற்றா என்பதுதான் அந்தப் பேச்சு. ஏற வேண்டும் என்று ஒரு கட்சி. இறங்க வேண்டும் என்று மற்றொரு கட்சி. ஏற வேண்டும் என்பவர்கள் நம் நாட்டு மல்பெரி விவசாயி பிழைக்க வேண்டும் என்கிறார்கள். இறங்க வேண்டும் என்பவர்கள் நெசவாளி பிழைக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டும் காதுக்கு இனிய வார்த்தைகளே. ஆனால் இவ்வூரில் இப்படிப் பேசுகிறவர்கள் யாரென்று பார்த்தால், அவர்களில் மல்பெரித் தழை பறிக்கிறவனும் இல்லை. குழித்தறியில் கால் இறக்கி மிதிக்கிறவனும் இல்லை. அவ்விருவருக்காகவும் வக்காலத்து வாங்கிக்கொண்டு, இருவருக்கும் நடுவில் நின்று லாபம் எடுக்கிறவர்களே அதிகமாகப் பேசுகிறார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாகத்தான் இதை நாம் கருத வேண்டியிருக்கிறது.

ஆகவே இந்த வரி விஷயத்தை நெசவாளத் தோழர்கள் தாங்களே தங்கள் புத்தியைக் கொண்டு ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்பது நமது ஆசை. வரி ஏறினால் யாருக்கு லாபம், இறங்கினால் யாருக்கு லாபம், இரண்டிலும் தறிக்காரனுக்கு வந்து சேர்ந்தது என்ன என்று கணக்குப் பார்த்தால் உண்மை தானாக விளங்கும்.

இந்த வழக்கு நேற்று முளைத்ததல்ல. 1930-ஐ ஒட்டி உலகமெங்கும் விலைகள் விழுந்த காலத்தில் ஜப்பான் பட்டும் சீனப் பட்டும் மலிவாக வந்து குவியவே, மைசூரிலும், அன்று சென்னை மாகாணத்துக் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த கொள்ளேகாலத்திலும் பட்டுப்பூச்சி வளர்த்தவர்கள் தொழிலை விடும் நிலைக்கு வந்தார்கள். வரி விசாரணை போர்டு விசாரித்தது; 1934-இல் அந்நியப் பட்டுக்குப் பாதுகாப்பு வரி போடப்பட்டது. பிறகு 1948-இல் ஒரு சட்டம் செய்து மத்திய பட்டு வாரியம் ஏற்படுத்தினார்கள். உலக வர்த்தக ஸ்தாபனம் 1995-இல் ஏற்பட்ட பின், இவ்வளவுதான் இறக்குமதி செய்யலாம் என்றிருந்த அளவுக் கட்டுப்பாடுகளை 2001 ஏப்ரலோடு இந்தியா எடுத்துவிட்டது. சீனப் பட்டு வெள்ளம் போல் வந்தது. 2003-இல் சீனக் கச்சாப் பட்டின் மீது பொருள் குவிப்புத் தடுப்பு வரி வந்தது. 2006-இல் சீனப் பட்டுத் துணியின் மீதும் அதே மாதிரி வரி வந்தது. 2011-ஆம் வருஷத்திய வரவு செலவுத் திட்டத்தில் கச்சாப் பட்டின் சுங்க வரியை 30 சதவிகிதத்திலிருந்து ஒரே வெட்டாக 5 சதவிகிதத்துக்கு இறக்கினார்கள். கர்நாடகத்தில் கூட்டு விலை சரிந்து விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடினார்கள். 2013-இல் 15 ஆக்கினார்கள். பின்னர் 10 ஆக்கினார்கள். 2021-இல் மறுபடியும் 15 ஆக்கினார்கள்.

இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் பார்த்தால், கிணற்று ஏற்றத்தில் ஏறி இறங்குகிறவன் ஞாபகந்தான் வருகிறது. ஆனால் ஏற்றம் இறைத்தால் தண்ணீராவது வரும். இங்கே தறிக்காரன் வீட்டுக்கு வந்தது என்ன?

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒரு சேலைக்கு ஏறக்குறைய அரை கிலோ பட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி குறைந்ததால் நூல் விலை கிலோவுக்கு 400 ரூபாய் இறங்கினால், சேலைக்கு 200 ரூபாய் மிச்சம். அந்த 200 ரூபாய் எங்கே போகிறது? கடையில் சேலை விலையைக் குறைத்தார்களா? இல்லை. நெய்தவன் கூலியில் சேர்த்தார்களா? அதுவும் இல்லை. நூல் விலை இறங்கினபோது, "விலை எப்போது ஏறுமோ தெரியாது, கூலியைக் கூட்ட முடியாது" என்கிறார்கள். அதே நூல் 400 ரூபாய் ஏறினபோதோ, "நூல் விலை ஏறிவிட்டது, கூலியைக் குறைத்துக்கொள், அல்லது இந்த மாதம் பாவு இல்லை" என்கிறார்கள். பூ விழுந்தால் முதலாளிக்கு, தலை விழுந்தால் தறிக்காரனுக்கு நஷ்டம் என்று நாணயம் சுண்டுகிற ஆட்டத்தில், நாணயத்தை யார் சுண்டினால் என்ன? டில்லி மந்திரி சுண்டினாலும் ஒன்றுதான். சீனாக்காரன் சுண்டினாலும் ஒன்றுதான்.

நிற்க, சீனப் பட்டு ஏன் இங்கே வருகிறது என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சிலர் சீனாக்காரன் நம்மைக் கெடுக்கவே அனுப்புகிறான் என்று தேசபக்தி பேசுகிறார்கள். இன்னும் சிலர், "எல்லாம் நம் தலையெழுத்து, தறியில் பிறந்தவன் தறியில்தான் சாக வேண்டும்" என்று பெருமூச்சு விடுகிறார்கள். இரண்டு பேச்சிலும் அறிவு இல்லை. பட்டு நூலுக்குத் தேசபக்தியும் கிடையாது; தலையெழுத்தும் கிடையாது. நீளமாகவும், ஒரே சீராகவும், அறாமலும் வரும் நூல் பாவுக்கு வேண்டும். முக்கியமாக விசைத்தறியின் வேகத்துக்கு அது இன்றியமையாதது. சீனாவில் வெண்பட்டுக் கூட்டிலிருந்து யந்திரத்தில் நூற்கும் நூல் அப்படி இருக்கிறது. நம் நாட்டில் வெகுகாலமாக அதிகம் வளர்த்தது மஞ்சள் கூடு தரும் கலப்பினப் பூச்சி. வெண்பட்டில் ஏறக்குறைய 6 கிலோ கூட்டில் 1 கிலோ நூல் கிடைக்குமானால், கலப்பினத்தில் 7, 8 கிலோ கூடு வேண்டியிருக்கிறது. தவிரவும், சீன சர்க்கார் சும்மா இருக்கவில்லை. கடலோரத்து மாகாணங்களில் நிலமும் கூலியும் விலை ஏறிப்போனதைக் கண்டு, 2006-இல் ஒரு திட்டம் போட்டு, மல்பெரித் தொழிலை மேற்கே குவாங்சி முதலிய ஏழை மாகாணங்களுக்குப் பணம் கொடுத்து நகர்த்தினார்கள். இன்று அந்தக் குவாங்சிதான் சீனாவில் பட்டுக்கூட்டுக்கு முதல் மாகாணம். இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. சர்க்கார் பணமும், படிப்பும், ஒழுங்கும்தான் இருக்கின்றன.

நம்மவர்களும் இதைச் செய்ய முடியாதவர்கள் அல்ல. 2000-01-இல் இந்தியாவில் சுமார் 16,000 டன்னாக இருந்த பட்டு உற்பத்தி, 2022-23-இல் 36,000 டன்னுக்கு மேல் ஏறியிருக்கிறது. சீனாவுக்கு அடுத்தபடி உலகத்தில் நாம்தான். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கங்களில் வெண்பட்டுக்கூடு நன்றாகவே விளைகிறது. ஆகையால் மல்பெரி விவசாயி நமக்கு விரோதி அல்ல என்பதை நெசவாளத் தோழர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டும். அவன் தழை பறிக்கிறான். புழுவுக்கு இராப்பகலாய்த் தீனி போடுகிறான். ஒரு நோய் வந்தால் ஒரு மாதப் பாடும் குப்பையில் போகிறது. அவனையும் தறிக்காரனையும் எதிர் எதிராக நிறுத்திச் சண்டை மூட்டிவிட்டு, நடுவில் இருக்கிறவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

வரி ஒன்றே எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று நம்புகிறவர்கள் ஜப்பான் சங்கதியைக் கேட்க வேண்டும். 1929-ஐ ஒட்டி ஜப்பானில் பட்டுப்பூச்சி வளர்த்த குடும்பங்கள் ஏறக்குறைய 22 லட்சம். உலகத்துக்கே பட்டு கொடுத்த நாடு அது. யுத்தத்துக்குப் பின் அத்தொழில் தளர்ந்தபோது, விவசாயியைக் காப்பாற்றுவதற்கென்று 1976-இல் சட்டத்தைத் திருத்தி, அந்நியக் கச்சாப் பட்டு இஷ்டம் போல் உள்ளே வராதபடி கட்டினார்கள். உள்ளூரில் நூல் விலை உலக விலைக்கு மேலே நின்றது. ஆனால் நூலுக்குக் கதவடைத்தவர்கள் துணிக்குக் கதவடைக்கவில்லை. வெளிநாட்டில் மலிவு நூலில் நெய்த சரக்கு உள்ளே வந்தது. கியோத்தோ நகரத்து நிஷிஜின் பேட்டை, நம் ஆரணியையும் காஞ்சீபுரத்தையும் போலப் பரம்பரையாய்ப் பட்டு நெய்கிற இடம். அங்கே கழுத்துப் பட்டை நெய்தவர்கள், "எங்கள் நூலை விலையேற்றி எங்கள் பிழைப்பைக் கெடுத்தது சர்க்காரே" என்று சர்க்கார் மேலேயே வழக்குப் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1990-இல் தள்ளுபடியாயிற்று. நெசவாளிக்கு நியாயம் கிடைக்கவில்லை. சரி, விவசாயியாவது பிழைத்தானா என்றால், இன்று ஜப்பான் முழுவதிலும் பட்டுப்பூச்சி வளர்ப்பவர்கள் 200 குடும்பங்கூட இல்லை. நூலை மட்டும் காத்துத் துணியையும் கூலியையும் கவனியாமல் விட்ட வரி, கடைசியில் இருவரையும் காக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அப்படியானால் வரியும் வேண்டாம், மானியமும் வேண்டாம், எல்லாவற்றையும் கடைத்தெருவே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு கூட்டம் சொல்லுகிறது. இவர்கள் எப்போதும் காட்டுகிற உதாரணம் நியூசிலாந்து ஆட்டுக்கறி வியாபாரம். அதையும் பார்த்துவிடுவோம். அந்நாட்டில் ஆட்டுக்குட்டிக்கு இன்ன விலை கிடைக்கும் என்று சர்க்கார் உறுதி சொன்ன காலத்தில், வாங்குவார் உண்டா என்று பாராமல் வளர்த்துக்கொண்டே போனார்கள். 1980-களின் தொடக்கத்தில் செம்மறியாடுகள் 7 கோடி. விற்காத கறியை உரமாக்கும் அளவுக்கு வந்தது. 1984-இல் புதிய சர்க்கார் வந்து மானியங்களை வெட்டிவிட்டது. இன்று ஆடுகள் 2½ கோடிக்கும் குறைவு. ஆனால் ஆட்டுக்காரர்கள் அழிந்துபோகவில்லை, ஒரு ஆட்டுக்குக் கிடைக்கும் கறியைப் பெருக்கினார்கள், நிலத்தில் பால்மாடு வைத்தார்கள், மரம் நட்டார்கள். இது உண்மையே. ஆனால் அவர்களுக்கு என்ன இருந்தது என்பதை இந்தக் கூட்டத்தார் சொல்லுவதில்லை. அவர்களுக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் சொந்த நிலம் இருந்தது. ஆடு போனால் மாடு வைக்கலாம். ஆரணி நெசவாளிக்கு என்ன இருக்கிறது? பாவு முதலாளியுடையது, ஜரிகை முதலாளியுடையது, பல இடங்களில் தறியும் முதலாளியுடையது, வாங்கின முன்பணமோ தலைக்கு மேல் நிற்கிறது. அவனுக்குச் சொந்தம் கையும் காலும் கண்ணுந்தான். நாற்பது வயதுக்கு மேல் கண்ணும் அவனுக்குச் சொந்தமில்லை. இவனைப் பார்த்து, நியூசிலாந்துக்காரன் பிழைத்தானே, நீயும் பிழை என்பது, நீந்தத் தெரிந்தவனைக் காட்டிக் கை கால் கட்டினவனைக் கிணற்றில் தள்ளுவதற்குச் சமானமாகும்.

தவிரவும், மானியம் வேண்டாம் என்று ஏழை நாடுகளுக்குப் போதிக்கிற பணக்கார நாடுகளின் யோக்கியதையையும் பார்க்க வேண்டும். அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்குப் பணத்தைக் கொட்டி உலக விலையைக் கெடுக்கிறது என்று 2002-இல் பிரேசில் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் வழக்குப் போட்டது. அமெரிக்கா தோற்றது. தோற்ற பிறகாவது மானியத்தை அடியோடு விட்டதா என்றால் இல்லை. 2014-இல் பிரேசிலுக்கு 30 கோடி டாலர் கொடுத்து வழக்கைச் சமாதானம் செய்துகொண்டது. அபராதம் கட்டிக்கூடத் தன் விவசாயிக்கு மானியம் கொடுக்கிறான் ஒருவன். நம் நெசவாளிக்கு இலவச மின்சாரம் கொடுத்தால் மட்டும் "சோம்பேறியாக்குகிறார்கள்" என்று இங்குள்ள மேதாவிகள் மூக்கைச் சிந்துகிறார்கள். மானியம் பிச்சை அல்ல. உழைக்கிறவனிடம் வரியாகவும் லாபமாகவும் பிடுங்கினதில் ஒரு சிறு பாகம் அவனுக்கே திரும்புவதுதான் மானியம். அதைக் கூனிக் குறுகி வாங்க வேண்டியதில்லை; நிமிர்ந்து நின்று கேட்டு வாங்க வேண்டியது.

ஆனால் அந்த மானியம் யார் கைக்குப் போகிறது என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறுகிறவர்கள் இருக்கும் வரையில், எவ்வளவு நெய் வந்தாலும் பந்தியின் கடைசியில் இருக்கிறவன் இலைக்கு வராது. தள்ளுபடி என்பது கூட்டுறவுச் சங்கத்துச் சேலைக்குத்தான். தனியாரிடம் கூலிக்கு நெய்கிற நெசவாளிக்கு அதில் ஒரு காசும் இல்லை. மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்குக் கைத்தறிக்கு 200 யூனிட்டாக இருந்த இலவசத்தை 300 ஆகவும், விசைத்தறிக்கு 750 ஆக இருந்ததை 1,000 ஆகவும் 2023-இல் உயர்த்தினார்கள். விசைத்தறித் தொழிலாளியும் நம்மவனே. அவனுக்குக் கொடுத்ததை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் சில வகைச் சேலைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் சட்டம் செய்துவிட்டு, அந்தச் சேலைகளையே விசைத்தறியில் ஓட்டிக் கைத்தறி என்று விற்பவர்களைக் கண்டும் காணாமல் இருப்பது எந்த நியாயம்? கைத்தறிச் சேலையின் விலைக்கு விசைத்தறிச் சேலையை விற்று வருகிற லாபம் விசைத்தறித் தொழிலாளிக்கும் போவதில்லையே!

2019-20-இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கைத்தறித் தொழிலாளர்கள் 35 லட்சம் பேர். அந்தக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. அதே கணக்கில் நெசவாளர்களில் 100-க்கு 72 பேர் பெண்கள். இதைப் படித்துவிட்டு ஆரணித் தெருக்களைப் பாருங்கள். தார் சுற்றுகிறது பெண். பாவு பிணைக்கும்போது கூட உட்காருகிறது பெண். கோர்வைக்கு மறு பக்கம் இருந்து நாடா வீசுகிறதும் பல வீடுகளில் பெண். ஆனால் கூலி எழுதும் நோட்டில் யார் பெயர்? ஆண் பெயர் ஒன்றுதான். இரண்டு பேர் உழைப்புக்கு ஒருவர் கூலி கொடுப்பதற்குச் சீனா காரணமா? உலக வர்த்தக ஸ்தாபனம் காரணமா? நம் வீட்டுக்குள்ளேயே நடக்கிற இந்த அநியாயத்துக்கு எந்தச் சுங்க வரியை ஏற்றி இறக்குவது?

டில்லியில் போடாத இன்னொரு வரியும் நம்மிடம் வசூலாகிறது. அது பஞ்சாங்கக்காரன் போடும் வரி. ஆடியில் கலியாணம் கூடாது, மார்கழியில் கூடாது என்று அவன் எழுதி வைத்துவிட்டான். பட்டுச் சேலை பெரும்பாலும் கலியாணத்துக்கே விற்கிற சரக்கு. ஆகவே அவன் கூடாது என்கிற மாதங்களில் கடை தூங்குகிறது. கடை தூங்கினால் தறி தூங்குகிறது. தறி தூங்கினால் நெசவாளி முன்பணம் வாங்குகிறான். அந்த முன்பணமே பின்னால் அவன் கூலியைக் கேட்கவிடாமல் வாயைக் கட்டுகிறது. வருஷத்தில் சில மாதங்களைக் கெட்ட மாதம் என்று ஒதுக்கிவைத்த மூடநம்பிக்கைக்கு நெசவாளி கொடுக்கும் விலை இது. 15 சதவிகிதச் சுங்கத்தைப் பற்றி இவ்வளவு சத்தம் போடுகிறவர்கள், இந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுகிறார்களா? அதுமட்டுமா? பட்டு மடியானது, தீட்டில்லாதது என்று உடுத்திப் பூசை செய்தவர்கள், ஆயிரக்கணக்கான புழுக்களைக் கூட்டோடு வேகவைத்து எடுத்த நூல் அது என்பதையும் நினைக்கவில்லை. அதை நெய்தவனை வீட்டுக்குள் விடவும் இல்லை. சேலைக்கு இருந்த மரியாதை செய்தவனுக்கு இல்லாமல் போனதுதான் இந்தத் தொழிலின் பழைய சரித்திரம். கூலியைப் பற்றிய பேச்சு இன்றைக்கும் தாழ்ந்த குரலிலேயே நடப்பதற்கு அந்தச் சரித்திரமும் ஒரு காரணமாகும்.

சரி, செய்ய வேண்டியது என்ன என்று கேட்கலாம். நமக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறோம்.

முதலாவது, அந்நியப் பட்டின் மீது வசூலாகும் சுங்கப் பணத்தைப் பொதுக் கஜானாவில் கலந்துவிடாமல் தனியாக வைத்து, ஒரு பாதியை வெண்பட்டு வளர்ப்பதற்கும் நல்ல நூற்பு யந்திரங்களுக்கும், மறு பாதியை நெசவாளிக்கு நியாய விலையில் நூல் கொடுக்கும் நூல் வங்கிக்கும் கொடுக்க வேண்டும். அப்போதுதான் வரி ஏறினாலும் விவசாயி, நெசவாளி இருவருக்கும் பங்கு கிடைக்கும். நூலுக்கு வரி போடும்போதெல்லாம் அந்நியத் துணிக்கு அதைவிடக் குறையாத வரி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நிஷிஜின் கதை இங்கே நடக்கக் கூடாது.

இரண்டாவது, மானியம் எதுவானாலும் தறியில் உட்காருகிறவர் பெயருக்கு நேராகப் போக வேண்டும். சங்கத்தில் இருந்தாலும் தனியாரிடம் நெய்தாலும் போக வேண்டும். தார் சுற்றுகிற பெண்ணும் தொழிலாளியே என்று எழுதி, அவள் பெயரில் தனிக் கூலி நோட்டு கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, பட்டு முத்திரை 2004 முதல் இருக்கிறது. அது சுத்தப் பட்டா என்று மட்டும் சொல்லும். கைத்தறி முத்திரை 2006 முதல் இருக்கிறது. அது கையால் நெய்ததா என்று சொல்லும். ஆரணிப் பட்டு என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இவ்வளவு முத்திரையும் சரக்கைப் பற்றியே பேசுகின்றனவே ஒழிய, செய்தவனைப் பற்றி ஒன்றாவது பேசுகிறதா? ஆகவே, இந்தச் சேலையின் விலை இவ்வளவு, இதில் நெசவுக் கூலி இவ்வளவு என்று ஒவ்வொரு சேலையிலும் அச்சடித்து ஒட்ட வேண்டும். நூல், சாயம், ஜரிகை எல்லாவற்றுக்கும் கடைக்காரரிடம் கணக்கு இருக்கிறது. கூலிக்கு மட்டும் ஏன் இரகசியம்? கலியாணத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பட்டு எடுக்கிற தாய்மார்கள் இதை ஒருமுறை படித்துப் பார்த்தால், அடுத்த முறை கேள்வி கேட்பார்கள். ஒட்ட மாட்டோம் என்கிற வியாபாரி, ஏன் ஒட்ட மாட்டான் என்பதை ஊரறியச் சொல்லட்டும்.

நெசவாளத் தோழர்களே! சீனாக்காரன் உங்கள் கூலி நோட்டை எழுதவில்லை. கடவுளும் எழுதவில்லை. கோலார் விவசாயியும் எழுதவில்லை. அதை எழுதுகிறவன் உங்கள் தெருவிலேயே இருக்கிறான். எழுதும்போது நீங்கள் எதிரில் நின்றுகொண்டிருக்கிறீர்கள். அடுத்த பட்ஜெட்டில் வரி ஏறினால் என்ன செய்வது, இறங்கினால் என்ன செய்வது என்று ஜோசியம் பார்ப்பதை விட்டு, ஏறினாலும் இறங்கினாலும் எங்கள் பங்கு எவ்வளவு என்று ஒன்றாகச் சேர்ந்து கேளுங்கள். அந்தக் கேள்வியை ஆணும் பெண்ணும் சேர்ந்து கேட்கிற நாள் வரையில், டில்லியில் எந்த மந்திரி எந்த வரியை எப்படி மாற்றினாலும், ஆரணியில் பட்டு மட்டுந்தான் பளபளக்கும். நெய்தவன் வயிறு காய்ந்துகொண்டுதான் இருக்கும் என்பதே நமது அபிப்பிராயம்.